பழைய ரயில்களைத் தொண்டர்கள் ஓட்டுவது எப்படி? யாழ்ப்பாணத்தில் அது நடக்குமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டு ரயில் அருங்காட்சியகங்களில் பழைய நீராவி எஞ்சின்களைச் சம்பளம் வாங்காத தொண்டர்களே திருத்தி ஓட்டுகிறார்களாம். உண்மையா? யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றைத் தொடங்க முடியுமா? அதற்கு என்ன படித்திருக்க வேணும்? நானும் தங்கச்சியும் சேர ஆசைப்படுகிறோம்."

உண்மைதான் தம்பி. யாழ்ப்பாணத்திலும் தொடங்கலாம். ஆனால் எஞ்சினில் தொடங்காதீர்கள். கூரை, ஒரு துண்டுத் தண்டவாளம், சனிக்கிழமை தவறாமல் வருகிற நாலு பேர், இவை முதலில் வேணும். எஞ்சின் கடைசியில் வரட்டும். ஆசைப்பட்டு எஞ்சினை முதலில் வாங்கி, அது வெட்ட வெளியில் மழை குடித்துத் துருப்பிடிக்க, சங்கத்துக்காரர் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோனதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நான் ஒரு பழைய ரயில் பாதையில் தொண்டனாக இருந்தேன். துடைக்கிற வேலையில் சேர்ந்து, பயர்மன், அதாவது எஞ்சினில் கரி போட்டு நெருப்பைப் பார்க்கிறவர், வரைக்கும் வந்தேன். இப்போது ஊரோடு, கோண்டாவிலில் இருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கமும் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வழி திறந்தது பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் உள்ள டாலிலின் என்ற குட்டிப் பாதை. மலையில் வெட்டிய சிலேட் கல்லைக் கடற்கரைக்கு இறக்குவதற்காக 1865 இல் திறந்தார்கள். கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ வரை பொதுமக்களுக்கு ரயில் விட்டதும் அதே வருடம்தான். டாலிலினில் தண்டவாளங்களுக்கு இடையே 686 மில்லிமீட்டர். எங்களுடையது 1676 மில்லிமீட்டர், அதில் பாதிக்கும் குறைவு டாலிலின். 1946 இல் கல்லுக்குழியை மூடியாயிற்று. சொந்தக்காரரான சேர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ், தான் இருக்கும் வரை வண்டி ஓடும் என்று சொல்லி, நட்டப்பட்டே ஓட்டி வந்தார். 1950 இல் அவர் காலமானார். அந்த ஒக்டோபரில் பேர்மிங்ஹாமில் கூடிய சிலர் ஒரு சங்கம் அமைத்து, பாதையைத் தாங்களே நடத்துவதென்று முடிவெடுத்தார்கள். 1951 மே 14 அன்று அவர்கள் பொறுப்பில் முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் பாதை உலகத்தில் அதுதான்.

அவர்களிடம் இருந்தது என்ன என்று பாருங்கள். இரண்டு எஞ்சின், அதில் ஓடத் தக்கது டொல்கொக் என்ற ஒன்றுதான். அதுவும் 1866 இல் செய்தது. பக்கத்தில் மூடிப்போன கொரிஸ் பாதையில் இருந்து இன்னும் இரண்டு எஞ்சினை ஒன்று 25 பவுணுக்கு வாங்கினார்கள். ஆனால் முதல் வருடங்களில் அவர்கள் முறிந்து முறிந்து பாடுபட்டது பாதைக்குத்தான். சிலிப்பர் கட்டைகள் உக்கி, தண்டவாளத்தைப் புல்லும் மண்ணும்தான் பிடித்து வைத்திருந்தன. வெளியூர்களில் இருந்து வந்து புல் வெட்டி, கட்டை மாற்றி, சரளைக்கல் போட்டு இறுக்கி அந்தப் பாதையை மீட்டார்கள். எங்கள் ஊர்ச் சிரமதானத்துக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம்தான். சிரமதானம் ஒரு நாளோடு முடியும். அவர்கள் எழுபது வருடத்துக்கு மேலாக விடாமல் செய்து வருகிறார்கள்.

அதே வேல்ஸில் பரி என்ற துறைமுக ஊரில் வூடாம் சகோதரர்களின் பழைய இரும்பு முற்றம் இருந்தது. பிரிட்டிஷ் ரயில்வே கழித்துவிட்ட நீராவி எஞ்சின்கள் அங்கே வரிசையாக உப்புக் காற்றில் கிடந்தன. முற்றத்துக்காரர் சரக்குப் பெட்டிகளை உடைப்பதில் மினக்கெட்டதால் எஞ்சின்களில் கைவைக்க நேரம் வரவில்லை. தொண்டர் சங்கங்கள் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போக, 213 எஞ்சின்கள் தப்பின. அவற்றில் சில மறுபடி ஓட முப்பது வருடத்துக்கும் மேல் எடுத்தது. தகப்பன் தொடங்கி வைத்த வேலையை மகன் முடித்த எஞ்சின்களும் உண்டு. இன்னொரு கூட்டம் இதற்கும் ஒரு படி மேலே போனது. ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டப்பட்ட ஒரு வகை எஞ்சினை அடியில் இருந்து புதிதாகவே செய்தார்கள். டோர்னேடோ என்று பெயர். 1990 இல் தொடங்கி 2008 இல் ஓடியது. காசு பெரும்பாலும் சாதாரண ஆக்கள் மாதம் மாதம் போட்ட சின்னத் தொகைகளில் இருந்து வந்தது. அவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்யும் பட்டறை இங்கிலாந்தில் அப்போது இருக்கவில்லை. ஜேர்மனியில் மைனிங்கன் என்ற ஊரில் செய்வித்து எடுத்தார்கள்.

சரி, ஒரு தொண்டர் உண்மையில் என்ன செய்வார்? நீராவி எஞ்சின் ஓடுகிற நாளில், முதல் வண்டி பத்து மணிக்கு என்றால், எஞ்சினை எழுப்புகிறவர் விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்கே வந்துவிட வேணும். பெரிய எஞ்சின், முழுதாக ஆறிக் கிடந்தது என்றால் முதல் நாளே சின்னதாக நெருப்பு வைத்து விடுவார்கள்.

வந்ததும் பார்ப்பது தண்ணீர். சாரதி நிற்கும் இடத்தில், கொதிகலனின் பின் முகத்தில், நிமிர்ந்த கண்ணாடிக் குழாய் இரண்டு இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அது காட்டும். கண்ணாடியில் தண்ணீர் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி நெருப்பு வைக்கக் கூடாது. குழாயின் வழி அடைத்திருந்தால் பழைய தண்ணீரே அதில் நின்றுகொண்டிருக்கும். நீராவி வந்ததும் கீழ்த் திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை வடியவிட்டு, மூடி, அது துள்ளிக்கொண்டு மேலே திரும்பி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளி ஏறினால் வழி சுத்தம். இதை ஒரு நாளில் எத்தனையோ தரம் செய்வோம். ஏனென்றால் நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் எந்த நேரமும் தண்ணீர் மூடி நிற்க வேணும். தண்ணீர் இறங்கிக் கூரை வெளிப்பட்டால் உலோகம் சிவந்து இளகி, மேலே உள்ள அழுத்தம் அதைக் கீழே பிய்த்துவிடும். அதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள். கூரையில் ஈயம் ஊற்றிய ஒரு அடைப்பு இருக்கும். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் சீறி, ஆக்களை எச்சரிக்கும். அது உருகும்வரை விட்ட பயர்மனை அதன் பிறகு ஒருவரும் எஞ்சினில் ஏறவிட மாட்டார்கள்.

பிறகு நெருப்பு. தட்டில் கரியைப் பரப்பி, நடுவில் விறகும் ஒயிலில் தோய்த்த பஞ்சும் வைத்துக் கொளுத்துவோம். அவசரம் ஆகாது. உள்ளே நெருப்புப் பெட்டி செம்பு, வெளியே கொதிகலன் உருக்கு. சூட்டுக்கு இரண்டும் ஒரே அளவாக விரியாது. விரட்டிச் சூடாக்கினால் இரண்டையும் பிடித்திருக்கும் ஊன்றாணிகள் ஒழுகத் தொடங்கும். நெருப்பு மெல்லப் பிடிக்கிற அந்த மூன்று நாலு மணித்தியாலம் எண்ணெய் வார்ப்பதற்கு. ஒவ்வொரு அச்சுக்கும் தண்டுக்கும் ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணம், அதற்குத் தக்கை மூடி. கிண்ணத்துக்குள் கம்பளி நூல் திரி ஒன்று எண்ணெயை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். எஞ்சினை ஓய்வுக்கு விடும்போது திரியைத் தூக்கிவைக்க வேணும், இல்லாவிட்டால் இரவிரவாகச் சொட்டிக் கிண்ணம் காய்ந்துவிடும். எந்தத் திரி எவ்வளவு தடிப்பு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. அது பழைய சாரதிகள் வாய்வழியாகச் சொல்லித் தருவது.

எஞ்சினை முதல் தரம் அசைக்கும்போது உருளைகளின் அடியில் உள்ள குழாய்களைத் திறந்து வைப்பார்கள். படங்களில் எஞ்சின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஊதிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். குளிர்ந்த உருளைக்குள் போன நீராவி தண்ணீராக மாறி நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அதை வெளியேற விடாமல் அசைத்தால் உருளையின் மூடி வெடிக்கும்.

இந்த வேலைகளுக்குள் நுழைய வாசல் ஒன்றுதான்: துடைப்பு. சேருகிறவர் எவராக இருந்தாலும், பொறியியல் பட்டதாரியே என்றாலும், முதல் வருடம் பஞ்சும் மண்ணெண்ணெயும் கையுமாகச் சில்லுகளையும் தண்டுகளையும் துடைப்பார். அழகுக்காக மட்டும் அல்ல. நூறு வருடத்து இரும்பில் மயிரிழை வெடிப்பு வந்தால் அதை முதலில் காண்பது துடைக்கிற கைதான். துடைத்துத் துடைத்து எஞ்சினின் உடம்பு மனப்பாடமான பிறகு பயர்மன் பயிற்சி, எழுத்துச் சோதனை, மருத்துவச் சோதனை. அதற்குப் பல வருடம் கழித்துத்தான் சாரதி. எல்லாரும் சாரதியாவதில்லை, ஆசைப்படுவதும் இல்லை. ரிக்கற் கொடுக்கிறவர், கைகாட்டி இழுக்கிறவர், பெட்டிக்கு வர்ணம் பூசுகிறவர், தேத்தண்ணீர்க் கடை நடத்துகிறவர், கணக்கு எழுதுகிறவர் எல்லாரும் தொண்டர்கள்தான். பாதையை நிமிர்த்தி வைத்திருப்பதும் அவர்கள்தான்.

முழுக்க முழுக்க இலவச உழைப்பு என்றும் எண்ண வேண்டாம். பெரிய பாதைகளில் பட்டறையிலும் அலுவலகத்திலும் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. பழைய எஞ்சினைத் தேசியப் பாதையில் ஓட்டும்போது உரிமம் பெற்ற கம்பனிச் சாரதிகளே ஓட்டுவார்கள். தொண்டர் ஓட்டுவது சங்கத்தின் சொந்தப் பாதைக்குள். இது எங்களுக்கும் பொருந்தும். ரயில் திணைக்களத்தின் பாதையில் திணைக்களத்தின் சாரதிதான் ஓட்டுவார், அது அப்படித்தான் இருக்கவும் வேணும். எனவே யாழ்ப்பாணத்தில் தொண்டர்கள் ஓட்டுவது என்றால், பிரதான பாதையோடு சேராத, வேலி போட்ட ஒரு துண்டுப் பாதையில்தான்.

இனி ஊருக்கு வருவோம். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் வடக்கில் முதலில் ரயில் ஓடியது. கொழும்போடு தொடுப்பு வந்தது 1905 இல். அதாவது மூன்று வருடம் குடாநாட்டுக்குள் தனியாக ஒரு ரயில் ஓடியிருக்கிறது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. அந்தக் காலத்தில் ரயில்வேயை நடத்திய பி. டி. ரம்பால டீசல் எஞ்சின்களையும் பெயர் வைத்த கடுகதி வண்டிகளையும் கொண்டுவந்தவர். 1990 இல் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. ஸ்ரேசன்கள் எலும்புக்கூடாகின. இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் புதிதாகப் பாதை போட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பி வந்தது.

அதனால் எங்கள் நிலைமை இங்கிலாந்துக்காரரின் நிலைமை அல்ல. அங்கே பாதை மூடினாலும் பொருட்கள் கிடந்தன, பொறுக்கி எடுத்தார்கள். இங்கே கால் நூற்றாண்டு வெறுமை. பழைய கைகாட்டியோ, விளக்கோ, மணியோ மிஞ்சியது மிகக் குறைவு. மிஞ்சியது பெரும்பாலும் ஆக்களின் தலைக்குள் இருக்கிறது. 1990 க்கு முன் வேலை செய்த ஸ்ரேசன் மாஸ்டர், கார்ட், சாரதி, பாதை வேலைக்காரர்களில் மிக இளையவரே இன்று அறுபதை நெருங்கியிருப்பார். நீங்கள் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை இதுதான். ஒரு கைப்பேசியும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போய் அவர்களைப் பேசவிடுங்கள். பொதுவாக "அந்தக் காலம் எப்படி" என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: தபால் வண்டி எந்த லைனில் நின்றது? தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தது, அதற்கு எந்தக் கிணற்றில் இருந்து தண்ணீர்? ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வராது என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? மலைநாட்டுப் பாதையில் இன்றும் ஸ்ரேசன் மாஸ்டர் சாரதிக்கு அனுமதியாக வளையத்தில் வைத்துக் கொடுக்கிற அந்த வட்டத் தகட்டின் முறையை, அதைக் கையாண்ட ஒருவர் விளங்கப்படுத்தினால் அரை மணித்தியாலத்தில் பிடிபடும். அவரிடம் இருந்து ஸ்ரேசனின் வரைபடத்தைக் கீறி வாங்குங்கள். பிறகு ஒரு காலத்தில் கைகாட்டி நடும்போது அது சரியான இடத்தில் நிற்கும்.

தொழில் தெரிந்த கைக்கு இங்கே குறைவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் இந்தக் குடாநாடு முழுவதும் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுத் தொடக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் நோயாளிகளைச் சுமந்து ஓடின. உதிரிப்பாகம் வராத காலத்தில் அவற்றைக் கடைந்து, ஒட்டி, உருக்கி வார்த்து ஓட வைத்தவர்களும் அவர்களிடம் பழகியவர்களும் இன்றும் பட்டறைகளில் இருக்கிறார்கள். உலகத்தில் எந்தப் பழைய ரயில் சங்கமும் இப்படிப்பட்ட கைகளை ஆசையோடு வரவேற்கும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேணும். சமாளித்து ஓட்டுவது எங்கள் பலம். கொதிகலனில் அதற்கு இடமே இல்லை. சதுர அங்குலத்துக்கு 160 இறாத்தல் அழுத்தத்தில் நிற்கிற தண்ணீரின் சூடு 185 பாகை செல்சியசுக்கு மேல். கொதிகலன் பிளந்தால் அந்தத் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகிக் கொட்டகையையே தூக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் வருடாவருடம் பரிசோதகர் வருவார். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை கொதிகலனைச் சட்டத்தில் இருந்து கழற்றி, குழாய்களை உருவி, முழுதாகப் பார்ப்பார்கள். திரும்பப் பூட்டுமுன் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துச் சோதிப்பார்கள். ஆவியில்லாத தண்ணீர் என்பதால் ஏதாவது விட்டுப்போனாலும் ஒழுகுவதோடு நிற்கும். எந்த ஊன்றாணியை எந்த நாளில் யார் மாற்றினார், எந்த உலோகம், எந்த வெல்டர், எல்லாம் எழுத்தில் இருக்க வேணும். எங்கள் பட்டறைகளில் எழுதி வைக்கிற பழக்கம் குறைவு. அந்தப் பழக்கம் வராமல் நீராவியைத் தொட வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கென்றே இன்னொரு தலையிடி உண்டு, அது தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் சில கிழமையில் வெள்ளையாகப் படியும். கொதிகலனில் அந்தப் படிவு குழாய்களின் மேல் போர்த்துக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே நிற்க, உலோகம் வெந்து கெடும். அதனால் மழைநீரைச் சேர்த்தோ தண்ணீரை மருந்திட்டு மென்மையாக்கியோதான் விட வேணும். அடிக்கடி கழுவவும் வேணும். கழுவுவது என்றால் கொதிகலனைச் சுற்றியுள்ள அடைப்புகளையெல்லாம் கழற்றி, வேகத் தண்ணீர் பாய்ச்சி, வளைந்த கம்பியால் சுரண்டி, உள்ளே விளக்குப் பிடித்துப் பார்ப்பது. அழுக்கும் ஈரமுமான ஒரு முழுநாள் வேலை.

இந்தக் கொதிகலன் வித்தையைத் தமிழிலேயே கற்கலாம் என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. 1855 இல் செய்த ஒரு எஞ்சினை 2010 இல் சென்னை பெரம்பூர்ப் பணிமனையில் திரும்ப ஓட வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற எஞ்சின் அது. திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டிலேயே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்திருக்கிறது. குன்னூரில் நீராவி இன்றும் தினசரி வேலை. இவர்கள் தொண்டர்கள் அல்ல, ரயில்வேத் தொழிலாளர்கள். ஆனாலும் ஊன்றாணி அடிக்கவும் குழாய் விரிக்கவும் தமிழில் சொல்லித் தரக்கூடிய பிற்றர்மார் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பலும் தொடங்கியது. பிரதான பாதைகளின் அகலமும் இரண்டு நாட்டிலும் ஒன்றே. இங்கிலாந்தைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் பார்க்க வேண்டியது பொன்மலையை.

எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால் தள்ளு றொலியில். பாதைப் பரிசோதகர் இருக்க, ஆக்கள் தண்டவாளத்தில் ஓடித் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த மரத்தட்டு வண்டி. நாலு சில்லு, இரண்டு அச்சு, ஒரு பலகை. நூறு மீட்டர் தண்டவாளம் கிடைத்தால் ஒரு வருடத்தில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டலாம். சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நூறு மீட்டரைப் போடும்போது மட்டம் பார்க்க, அகலம் பிசகாமல் பிடிக்க, சரளைக்கல் போட்டு இறுக்க, மழைத்தண்ணீர் வடிய விடப் பழகுவீர்கள். பிரேக்கை எப்படிச் சோதிப்பது, ஆக்களை எங்கே நிற்கவிடுவது, யார் கொடி காட்டுவது என்ற ஒழுங்கும் அதிலேயே படியும். அதற்கு முன் கூரை. காங்கேசன்துறைப் பக்கம் இடம் கிடைத்தால் கடற்காற்று நேரே அடிக்கும், மூன்று பக்கமாவது மறைத்த கொட்டகை இல்லாமல் ஒரு இரும்பையும் இறக்கக் கூடாது.

அடுத்தது ஒரு பெட்டி. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் எஞ்சினைப் பார்ப்பார், ஆனால் இருப்பது பெட்டியில். பழைய மரச்சட்டப் பெட்டி ஒன்றில் எஞ்சினை விட அதிக மணித்தியாலம் போகும். ஒரு கதவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி கதவின் வயிற்றுக்குள் இறங்குகிற அமைப்பு, கண்ணாடியோடு மழைத்தண்ணீரும் இறங்கும். வடிகிற துளை தூசியால் அடைத்ததும் அடிச்சட்டம் உள்ளுக்குள் உக்கத் தொடங்கும். வெளியில் வர்ணம் பளபளவென்று இருக்கும், திருகாணியால் குத்தினால் மாவாகக் கொட்டும். உக்கிய பகுதியை மட்டும் சரிவாக வெட்டி, அதே வகை மரத்தில் துண்டு பொருத்தி, பழைய பித்தளைப் பிடியைத் திரும்பப் பூட்ட வேணும். எங்கள் தச்சர்கள் இதைப் பார்த்தவுடன் செய்வார்கள். கோயில் சப்பறமும் வாகனமும் செய்கிற கைகளுக்கு இது பழகிய வேலை.

பெட்டியும் ஓடிய பிறகு எஞ்சின் யோசிக்கலாம். அப்போதும் நீராவிக்கு முன் டீசல். என் மனதில் இருப்பது கனடா எஞ்சின். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையான உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்தவை, பலவற்றுக்கு அல்பேர்ட்டா, ஒன்ராரியோ என்று கனடிய மாகாணங்களின் பெயர். 12 சிலிண்டர், ரூ-ஸ்ரோக் (இரண்டு வீச்சு) எஞ்சின். ஒரு சிலிண்டர் பழுதானால் தலை, பிஸ்டன், உறை எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தூக்கி எடுத்து வேறு ஒன்றை இறக்கலாம், முழு எஞ்சினையும் கழற்றத் தேவையில்லை. அறுபது வருடம் தாண்டியும் அவை வேலை செய்ததற்கு அந்த அமைப்பும் திணைக்களத் தொழிலாளர்களின் கையும்தான் காரணம். திணைக்களம் ஒன்றைச் சேவையில் இருந்து விடுவிக்கிற நாளில், அதைக் கேட்டு வாங்கக் கொட்டகையும் பழகிய ஆக்களும் யாழ்ப்பாணத்தில் தயாராக இருக்க வேணும். கனடாவில் இருக்கிற எங்கள் சனத்திடம் மாதம் ஐந்து டொலர் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர்கள் அனுப்புவதைப் பார்த்திருக்கிறோம். டோர்னேடோவும் இப்படிச் சேர்ந்த காசில் எழுந்ததுதான்.

நீராவி எஞ்சின் பார்க்க வேணும் என்றால் கடுகண்ணாவைக்குப் போங்கள். இலங்கை ரயிலின் 150 ஆம் ஆண்டு நிறைவில், 2014 டிசம்பர் 27 அன்று, தேசிய ரயில் அருங்காட்சியகத்தை அங்கே திறந்தார்கள். முன்னுக்கு நின்று படம் எடுத்துவிட்டு வராதீர்கள். குனிந்து அடியைப் பாருங்கள், எண்ணெய்க் கிண்ணங்களை எண்ணுங்கள், எங்கே தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 1986 இல் தொடங்கிய வைஸ்ராய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா வண்டிக்காக நீராவி எஞ்சின்களை உயிர்ப்பித்ததும் இந்த நாட்டில்தான். கொதிகலன் அறிவு இங்கே முழுதாக அற்றுப்போகவில்லை.

ஒரு ஆபத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சின்களிலும் பெட்டிகளிலும் சூடு தாங்க அஸ்பெஸ்டஸ் சுற்றியிருப்பார்கள், பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும். ஆர்வத்தில் சுரண்டத் தொடங்கிவிடாதீர்கள். அந்தத் தூசி சுவாசப்பைக்குள் போய்ப் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதை அகற்றுவதற்கென்று பயின்றவர்களைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தே செய்விக்க வேணும்.

படிப்பு பற்றிக் கேட்டீர்கள். சேருவதற்கு ஒரு சான்றிதழும் தேவையில்லை. கை வேலை கற்க விருப்பம் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பக்கத்திலேயே யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. அங்கே படிக்கிற இரண்டு பேர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் வரைபடமும் கணக்கும் சரியாக நடக்கும். தங்கச்சி தாராளமாகச் சேரலாம். நான் பயர்மன் வேலை பழகியது ஒரு பெண் சாரதியிடம். கரி அள்ளிப் போடுவதில் பலத்தை விடக் கணக்கு முக்கியம், எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே கொஞ்சமாக, அடிக்கடி போட வேணும் என்று காட்டித் தந்தவர் அவர்.

முதல் சனிக்கிழமைக்கு என்ன கொண்டுவருவது என்றும் யோசிப்பீர்கள். பருத்தி உடுப்பு, நைலோன் வேண்டாம், நெருப்புப் பொறி பட்டால் தோலோடு ஒட்டும். மோதிரம், சங்கிலி வீட்டில். செருப்போடு வந்தால் கொட்டகைக்குள் விடக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போடுங்கள். மூக்கில் இரும்பு வைத்த சப்பாத்து ஆளுக்கு ஒரு சோடி வேணும், சங்கத்தின் முதல் காசு அதற்கே போகட்டும்.